முதல் அழைப்பு வீட்டிலிருந்தே போகலாம்

"அவரா மனசு வெச்சாத்தான் உண்டு." குடிப்பவர் இருக்கும் வீடுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. மாமியார் சொல்வார், கொழுந்தன் சொல்வார், நமக்கு நல்லது நினைக்கும் பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். இதைக் கேட்டுக்கொண்டே பெண்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். குடிப்பவர் சம்மதிப்பதற்கு வெகு முன்பே, வீட்டில் இருப்பவர் போய் உதவி கேட்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அவர் டாக்டர் முன்னால் உட்காருவதற்கு முன் நான் போய் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். பட்டாபிராம் பக்கம் மனை வாங்கி, லோன் போட்டு வீடு கட்டிக் குடிவந்தோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படி எங்கிருந்தோ வந்தவர்கள்தான். சொந்த ஊராக இருந்தால் பெரியப்பா வந்து அதட்டுவார், தாய்மாமன் வந்து பேசுவார். இங்கே கதவைச் சாத்தினால் உள்ளே நடப்பது உள்ளேயே கிடக்கும். ஷிப்ட் முடிந்து ரயிலை விட்டு இறங்கினால் வீட்டுக்கு வருகிற வழியிலேயே கடை. முதலில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு குவார்ட்டரைப் பிரித்துக்கொள்ளும் 'கட்டிங்'. பிறகு தனிக் குவார்ட்டர். பிறகு, காலையில் கை நடுங்காமல் பல் தேய்க்கவே ஒரு வாய் வேண்டியிருந்தது. கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னாலும் விற்பதற்கு ஆள் இருந்தது.

அந்தக் காலைக் குடியைப் பார்த்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். ராத்திரி குடித்ததன் நடுக்கத்தை அடக்கக் காலையில் குடிக்கிற நிலைக்கு ஒருவர் வந்துவிட்டார் என்றால், அது ஆசையும் அல்ல, திமிரும் அல்ல. உடம்பு அதற்குக் கட்டுப்பட்டுவிட்டது. 'குடிகாரன்' என்று திட்டினாலும் சரி, சத்தியம் வாங்கினாலும் சரி, அந்த நடுக்கம் நிற்காது.

தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் பக்கத்துப் பெரிய பூட்டு. தெருவுக்கு முன்பே தெரியும். தெரியாததுபோல் அவர்களும் இருப்பார்கள், நாமும் இருப்போம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நாடு முழுக்க எடுத்து, 2019இல் வெளியான கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவியோ சிகிச்சையோ பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மிச்சப் பேர் எல்லாம் எங்கே இருக்கிறார்கள்? இப்படிச் சாத்திய கதவுகளுக்குள்தான். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. விற்கிற அரசுக்கு, சிகிச்சைக்கு வழிகாட்டும் பொறுப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கடை வாசலிலும் உதவி எண்ணை ஆளுயரத்துக்கு எழுதி வைக்க வேண்டும்.

அடுத்து, மாலை போடுகிற விஷயம். கார்த்திகை பிறந்தால் 'மாலை போட்டா தானா நின்னுடும்' என்பார்கள். எனக்கு ஐயப்பன் மேல் பக்தி உண்டு, இன்றும் விரதம் இருக்கிறேன். ஆனாலும் இதை அழுத்திச் சொல்கிறேன்: தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் டாக்டர் இல்லாமல் திடீரென்று நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. என் வீட்டுக்காரர் மாலை போட்ட மறுநாள் பூஜை அறை வாசலிலேயே வலிப்பு வந்து விழுந்தார். சாமி குத்தம் என்றார்கள். டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது. கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், செத்துப்போன அம்மா வாசலில் நிற்கிறாள் என்பார்கள். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்களே, அவர்களில் எத்தனையோ பேருக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக் கட்டில். அங்கே நடுக்கத்தை அடக்கும் மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். குடியால் வற்றிப்போன பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள்.

கால் முறிந்தோ, வேறு ஆபரேஷனுக்கோ சேர்த்தாலும் குடிப்பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மானம் போகுமென்று வாயை மூடினால், எலும்புக்கு வைத்தியம் நடக்கும்போதே இரண்டாம் நாள் வலிப்பு வந்து நிற்கும்.

மின்கம்பத்தில் ஒட்டியிருப்பார்களே, 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று? அதை வாங்கிக் குழம்பில் கலக்காதீர்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதைச் சாப்பிடுகிறவருக்குச் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டு, இருதயத்தையும் ஈரலையும் பார்த்த பிறகே டாக்டர் கொடுப்பார். தெரியாமல் கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். உயிர் தப்பினாலும், பெண்டாட்டி கையால் போடுகிற சோற்றை அவர் பிறகு நம்ப மாட்டார்.

எங்கே போவது? பணம் கட்டாமல் போக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓபி சீட்டு போட்டு, 'குடிப் பிரச்சினை' என்று சொன்னால் போதும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் உண்டு. 'கீழ்ப்பாக்கமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரியாச்சே' என்பார்கள். 1794இல் தொடங்கி இத்தனை தலைமுறை மனிதர்களைப் பார்த்த இடம் அது. அதன் பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருப்பது நம் ஊருக்கு அழகில்லை. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. அதைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், 1980இல் மற்ற குடும்பங்களுக்காக இதைத் தொடங்கினார். வசதியான வீட்டிலும் இதே நடுக்கம், இதே மறைப்பு இருந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. குடும்பத்தினருக்கும் சேர்த்துச் சிகிச்சை என்பதை அவர்கள் தொடக்கத்திலிருந்தே வலியுறுத்துகிறார்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால், போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. அடி, உதை என்றால் முதலில் பெண்கள் உதவி எண் 181. அந்த வீட்டில் மருந்துக்கு முன் பாதுகாப்பு வேண்டும்.

தனியார் மறுவாழ்வு மையங்களில் நல்லவையும் உண்டு, பயப்பட வேண்டியவையும் உண்டு. 'நீங்க அட்ரஸ் மட்டும் குடுங்க, வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடுறோம்' என்று எங்களிடமும் ஓர் இடத்தில் பேசினார்கள். நான் போனை வைத்துவிட்டேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடுக்கிறது. எனவே போய்ப் பாருங்கள், பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல டாக்டர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், வீட்டார் எப்போது வந்து பேசலாம் என்று கேளுங்கள். 'மூணு மாசத்துக்கு யாரும் பார்க்கக் கூடாது' என்றால் அங்கே விடாதீர்கள்.

நான் முதன்முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் அம்மா என்னிடம் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டது கொஞ்சம்தான். நான் எப்போது தூங்குகிறேன், பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், சம்பளம் யார் கையில், கடன் எவ்வளவு என்றுதான் கேட்டார். 'அவருக்கு உடம்பு சரியில்லைனு கம்பெனிக்கு யார் போன் பண்றது?' என்றும் கேட்டார். மெல்ல மெல்ல அந்த வேலைகளையெல்லாம் விட்டேன். லீவு சொல்ல வேண்டுமானால் அவரே சொல்லட்டும். கடைக்காரரிடம் அவர் வைத்த கடனை என் சீட்டுப் பணத்திலிருந்து அடைப்பதை நிறுத்தினேன். அரிசி, ஸ்கூல் பீஸ், லோன் இவற்றுக்கு மட்டும் பணம் ஒதுக்கினேன். பாட்டிலைத் தேடிக் கொட்டுவதும் நின்றது. கொட்டினால் இன்னொன்று வரும், சண்டையும் கூடவே வரும்.

பேச வேண்டிய நேரம் காலை. போதையில் இருப்பவரிடம் எதையும் பேசாதீர்கள். மறுநாள் குளித்து முடித்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அப்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். 'நீ உருப்பட மாட்டே' என்பது வேண்டாம். நான் சொன்னது இவ்வளவுதான்: "நேத்து பாப்பா ரிப்போர்ட் கார்டை எடுத்துட்டு உங்ககிட்ட வந்தா. நீங்க கையெழுத்துப் போட முடியாம கை ஆடுச்சு. அவ உள்ள போய் அழுதா. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில டாக்டரைப் பாக்கலாம், நான் ஏற்கெனவே போய்ப் பேசிட்டேன், நானும் வரேங்க." முதல் செவ்வாய் வரவில்லை. நான் போனேன். பல செவ்வாய்கள் கழித்து, "சரி, வா" என்று செருப்பை மாட்டினார். உள்ளூர எல்லோருக்கும் அப்படி ஒரு காலை வரும். அந்தக் காலையில் எந்தப் பஸ், எந்த அறை, எந்த டாக்டர் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் விசாரிக்கத் தொடங்கினால் சாயங்காலத்துக்குள் மனசு மாறிவிடும்.

ஆஸ்பத்திரியில் இருந்தது சிறு பகுதி. பெரிய பகுதி வீட்டுக்கு வந்த பிறகு. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு மணி வரைதான் கண்டம். பசி வந்தால் குடி ஞாபகம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் வேலை முடிந்ததும் சாப்பிட அவர் பையில் எப்போதும் கடலை மிட்டாயோ வாழைப்பழமோ வைத்தேன். பழைய ஸ்டேஷன் வழியை விட்டு ஷேர் ஆட்டோவில் வேறு வழியாக வந்தார். கல்யாணத்துக்குப் போனால் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவோம். சாவு வீட்டுக்கு அவருடன் மகன் போவான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் சேர்ந்தார். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்த அமைப்பு அது. தமிழிலும் கூட்டம் நடக்கிறது, கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம். அங்கேதான் பல வருஷத்துக்குப் பிறகு நான் குரலைத் தாழ்த்தாமல் பேசினேன்.

இடையில் ஒரு தீபாவளியில் மறுபடி குடித்தார். எல்லாம் போச்சு என்று மாமியார் அழுதார். டாக்டர் பதறவில்லை. சர்க்கரை நோயும் பிரஷரும் ஏறி இறங்குவதுபோல் இதுவும் திரும்பத் தலைகாட்டும், வந்ததும் உடனே சிகிச்சைக்குத் திரும்பி வருவதே முக்கியம் என்றார். கூட்டத்தில் பழகிய மூத்த நண்பர் ஒருவர் அன்றிரவே வீட்டுக்கு வந்து, அவர் பக்கத்தில் விடியும் வரை இருந்தார். விடிந்ததும் ஓபிக்குப் போனோம்.

இப்போது என் அக்கா வீட்டுக் கதை வேறு மாதிரி. அவள் மகன் கல்லூரியில் படிக்கிறவன், வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றப் பழகிவிட்டான். குடிபோல் வாடை வராது. பாத்ரூமில் நெடுநேரம், வெயிலிலும் முழுக்கைச் சட்டை, வீட்டில் காணாமல் போகும் சில்லறை, இவைதான் தடயம். அக்காவுக்கு போலீஸ் பயம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகிச் சொந்தப் பயன்பாட்டுக்கோ சிறிய அளவுக்கோ வழக்கில் மாட்டியவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்கு தர வழிசெய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். சிகிச்சை கேட்டுப் போவது குற்றமே அல்ல. ஊசியைப் பகிர்ந்திருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றைப் பிள்ளையிடம் நேராகவே சொல்ல வேண்டும்: சில காலம் நிறுத்தியிருந்துவிட்டு, பழைய அளவையே மறுபடி ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். பல சாவுகள் அப்படி நடக்கின்றன.

அவன் வெளியே போயிருந்த மத்தியானம், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து 14446க்கு நான்தான் நம்பரை அழுத்தினேன். பேசியது அக்கா. என்ன மாத்திரை, எவ்வளவு காலமாக, ஊசியா வாய்வழியா, கடைசியாக எப்போது, முன்பு மயங்கி விழுந்திருக்கிறானா என்று ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசினாள். அடுத்த வாரம் மனநலப் பிரிவுக்குத் தனியாகப் போனாள். அதற்கடுத்த வாரமும் தனியாகத்தான் போனாள். நான்காவது முறை அவன் வண்டியில் கொண்டுபோய் விட்டு, கேட் வரைக்கும் வந்தான்.