வீட்டுக் கணிப்பொறியும் விஞ்ஞான ஆராய்ச்சியும்

முட்டையை வெந்நீரில் இட்டு அவித்தால் நீர் போன்றிருந்த வெண்கரு கெட்டியாகி விடுகிறது. பின்பு எவ்வளவு குளிர வைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இதன் காரணம் யாது? வெண்கருவிலுள்ள புரதங்கள் தத்தம் மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று சிக்குண்டு போனதே காரணம் ஆகும். ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த ஒரு மாலை. மணிகள் 20 வகைப்படும். மாலை கோக்கப்பட்டவுடன் அது தானாகவே சுருண்டு மடிந்து ஒரு குறிப்பிட்ட உருவத்தை அடைகிறது. அந்த உருவம் அமைந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினும், சோற்றைச் செரிக்க வைக்கும் நொதிகளும் இவ்வகையினவே.

ஒரே ஒரு மணி மாறினாலும் கேடு விளையலாம். ஹீமோகுளோபின் மாலையில் ஓரிடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதில் வாலின் வந்து விட்டால், அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிவப்பணுவை அரிவாள் போல் வளைத்து விடுகின்றன. இந்த அரிவாள் அணுக் குணம் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1952-ல், நம் தமிழ்நாட்டின் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே ஆகும்.

மாலை எப்படி மடியும் என்பதைக் கணக்கிட முடியுமா? இந்தக் கேள்விக்கு அடிப்படையிட்டவர் நம்மவர் ஒருவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்து, சர் சி. வி. இராமனிடம் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். கங்காருவின் வாலில் உள்ள தசைநாரை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, கொலாஜன் என்னும் புரதம் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் வெளியிட்டார். நம் தோலையும் எலும்பையும் தாங்கி நிற்பது இந்தக் கொலாஜனே.

அதன் பின்பு 1963-ல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்ததே நம் கட்டுரைக்கு முக்கியம். மாலையின் ஒவ்வொரு மணியிலும் திரும்பக்கூடிய இரண்டு கோணங்கள் உண்டு. அவற்றுக்கு ஃபை, சை என்று பெயர். இரண்டு அணுக்கள் ஓரளவுக்கு மேல் நெருங்க முடியாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, எந்தக் கோணங்கள் கூடும், எவை கூடா என்று அவர்கள் கணக்கிட்டு ஒரு சதுரப் படத்தில் குறித்தார்கள். படத்தின் பெரும்பகுதி கூடாத இடமாகவே இருந்தது! கையால் இயக்கும் மேசைக் கணக்கிடும் கருவியைக் கொண்டு செய்த வேலை இது. இன்றும் உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் உருவம் கண்டுபிடிக்கப்பட்டாலும், அது சரியா என்று பார்க்க ‘இராமச்சந்திரன் படம்’ போட்டுப் பார்க்கிறார்கள். இவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை என்பது எங்களுக்கு மிகுந்த மனத்தாங்கல். 1971-ல் இவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அது நமது ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவுதான்.

கூடாத கோணங்களைத் தள்ளிய பின்னும் மிஞ்சுவது ஏராளம். 100 மணிகள் கொண்ட சிறிய மாலையில், மணிக்கு மூன்று நிலைகள் என்று வைத்தாலும், மொத்த உருவங்களின் எண்ணிக்கையை எழுத 48 இலக்கங்கள் வேண்டும். ஒவ்வொன்றாக முயன்று பார்த்தால் உலகம் தோன்றிய நாள் முதல் இன்று வரை உள்ள காலமும் போதாது. ஆனால் நம் உடலிலுள்ள புரதம் கண்ணிமைக்கும் நேரத்தில் சரியாக மடிந்து விடுகிறது! 1969-ல் லெவிந்தால் என்னும் அறிஞர் சுட்டிக்காட்டிய புதிர் இது.

புரதம் அசைவதைக் கணிப்பொறியில் பார்க்க வேண்டுமானால், ஒவ்வோர் அணுவும் அடுத்த கணத்தில் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தக் கணம் எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மீண்டும் ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ விநாடி. ஓர் அடிக்கு இரண்டு ஃபெம்டோ விநாடி வீதம் நடந்தால், ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் கடக்க 50 கோடி அடிகள் வேண்டும். முந்திய அடி முடியாமல் அடுத்த அடி வைக்க இயலாது. ஆகவே இந்த வேலையைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கவே முடியாது என்றுதான் தோன்றும்.

இங்கேதான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே என்பவரும் அவருடைய மாணவர்களும் ஒரு வழி கண்டார்கள். புதிய ஊருக்கு வரைபடம் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஆள் ஓராண்டு நடந்து தெருக்களை எல்லாம் பார்க்கலாம். அல்லது ஆயிரம் பேரை ஆங்காங்கே இறக்கி விட்டு, ஆளுக்கு அரை மணி நேரம் நடந்து, ‘இந்தச் சந்திலிருந்து அந்தச் சந்துக்குப் போனேன்’ என்று எழுதித் தரச் சொல்லலாம். சீட்டுகளை ஒட்டிச் சேர்த்தால் ஊர் வந்து விடும். எந்தத் தெருவில் நடமாட்டம் அதிகம் என்பதும் தெரிந்து விடும். நீண்ட ஒரே நடைக்குப் பதில் ஆயிரக்கணக்கான குறுநடைகள் என்பதே அவர்கள் கண்ட உபாயம். 2000-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ என்ற பெயரில் இது தொடங்கப்பட்டது. ‘வீட்டிலிருந்தே மடித்தல்’ என்று நாங்கள் பெயர்த்துக் கொண்டோம்.

இதற்கு முன்னோடியும் உண்டு. வேற்றுலக உயிர்களின் வானொலிச் சைகையைத் தேடும் ‘செட்டி அட் ஹோம்’ 1999 மே மாதம் பெர்க்லியில் தொடங்கி, 2020 மார்ச் மாதம் வரை வீட்டுக் கணிப்பொறிகளுக்கு வேலை அனுப்பியது. சைகை ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் கணிப்பொறியை இரவல் கொடுக்கத் தயார் என்பது அகப்பட்டது. ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ திட்டத்திலோ 2010-ல் ஒரு புதிய துடிப்பு விண்மீனே கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்ட பெருமை அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துத் தம்பதியர் ஒருவருக்கும், ஜெர்மனியில் ஒருவருக்கும் சேர்ந்தது.

இது நடக்கும் விதத்தை விளக்க எங்களுக்குக் கிடைத்த நல்ல உதாரணம் பால் கூட்டுறவுச் சங்கம். ஒருத்தி இரண்டு லிட்டர் கொண்டு வருவாள். இன்னொருத்தி அரை லிட்டரே கொண்டு வருவாள். இருவருடையதும் அளந்து, கொஞ்சம் எடுத்துச் சோதித்து, புத்தகத்தில் பதிந்த பிறகே பெரிய கேனில் ஊற்றப்படுகிறது. அவ்வாறே, நம் கணிப்பொறியில் ஒரு சிறு செயலியைப் பதித்து விட்டால், தலைமைக் கணிப்பொறி ஒரு வேலைத் துண்டை அனுப்புகிறது. நம் கணிப்பொறி சும்மா இருக்கும் வேளையில் அதைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்புகிறது. துண்டுக்கு ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் திரும்பாவிட்டால் அது வேறொருவருக்குப் போய் விடும். முடித்தவருக்குப் புள்ளிகள் பதியப்படுகின்றன. அவற்றைக் காசாக்க இயலாது. விரும்பியவர்கள் ஓர் எண்ணின் கீழ் அணியாகச் சேரலாம். அணியின் புள்ளிகள் ஒன்றாகக் கூட்டப்படும். கல்லூரிகளும் ஊர்களும் நண்பர் குழாங்களும் இப்படி அணி அமைத்துப் போட்டியிடுகின்றன. விஞ்ஞானத்துக்குப் போட்டி எதற்கு என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். விளையாட்டு விழாவில் மஞ்சள் இல்லம், நீல இல்லம் என்று பிரிக்காவிட்டால் கயிறு இழுக்க யார் வருவார்கள் என்று மற்றொருத்தி பதில் சொல்லி விட்டாள்.

இந்தச் சிறு துளிகளின் வலிமை 2020-ல் தெரிந்தது. கொரோனாக் காலத்தில் மக்கள் திரண்டு வந்து சேர்ந்ததால், அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இத்திட்டம் விநாடிக்கு ஒன்றுக்குப் பின் 18 சுழிகள் இட்ட எண்ணிக்கையில் கணக்குகள் போடும் வேகத்தைத் தாண்டியது. உலகில் எந்தத் தனிக் கணிப்பொறியும் அதுவரை எட்டாத வேகம் இது. நோய்க் கிருமியின் முள் போன்ற புரதம் எவ்வாறு வாய் திறக்கிறது, மருந்து நுழையத்தக்க மறைவான குழிகள் எங்கே உள்ளன என்று இதன் மூலம் பார்த்து 2021-ல் வெளியிட்டார்கள்.

இனி இது தேவையா என்ற ஐயம் எழலாம். செயற்கை அறிவைக் கொண்டு புரதத்தின் உருவத்தைக் கணித்ததற்காக ஹஸ்ஸாபிஸ், ஜம்பர் ஆகியோருக்கும், புதிய புரதங்களைக் கணிப்பொறியால் வடிவமைத்ததற்காக பேக்கருக்கும் 2024-ல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டதே! ஆனால் உருவம் என்பது ஒரு புகைப்படம். கதவு எப்படித் திறந்து மூடுகிறது என்பதைப் புகைப்படத்தில் காண முடியாது. அசைவைக் காண இன்னும் பெருங்கணக்குதான் வேண்டும்.

எங்களை மிகவும் தொட்டது வேறொரு திட்டம். 2004-ல் ஐ.பி.எம். நிறுவனம் தொடங்கிய ‘வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்’ என்னும் அமைப்பில், 2016-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் காசநோய்க் கிருமியைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார்கள். அக்கிருமியைச் சுற்றி மைக்காலிக் அமிலம் என்னும் மெழுகுக் கவசம் உண்டு. மருந்து எளிதில் உட்புகாதபடி காப்பது அதுவே. அதன் அசைவுகளைத்தான் வீட்டுக் கணிப்பொறிகள் கணக்கிட்டன. காசநோய் எங்களுக்குப் புத்தகச் செய்தி அல்ல. மூக்கண்டப்பள்ளியில் தொழிற்சாலை வேலைக்கு வந்து ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கும் குடும்பங்கள் பல. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் ஆறு மாதம் மாத்திரை உண்டு குணமானவர். அவள் அனுமதியுடனேயே இதை எழுதுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியைச் சொந்த வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான ஏழை வீடுகளிலும் குணம் சானடோரியத்துக்கு நிகராகவே இருந்தது. வீட்டாருக்கும் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. 1959-ல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது. ‘வீட்டிலிருந்தே’ என்ற சொல்லுக்குச் சென்னைதான் முன்பே பொருள் கண்டு வைத்தது என்று நாங்கள் பெருமைப்பட்டுக் கொண்டோம்.

ஆனால் பெருமையால் மின் கட்டணம் குறையாது. முழு மூச்சில் உழைக்கும் மேசைக் கணிப்பொறி 100 வாட் இழுக்கிறது என்று கொண்டால், பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட். இரவு பகலாக ஓடினால் மாதம் 72 யூனிட். இரண்டு மாதத்தில் 144. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அறிவிக்கப்பட்டது. அதை இந்த ஒரு கணிப்பொறியே விழுங்கி விடும். ‘அந்தக் காசுக்கு விடுதியில் ஒரு மின்விசிறி மாட்டலாமே’ என்று எங்களில் விடுதி மாணவியர் சொன்னது தவறென்று எங்களால் சொல்ல முடியவில்லை. எல்லாரும் இரவு முழுவதும் ஓட விடுங்கள் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை.

அனுமதி என்பது அதைவிடப் பெரிய விஷயம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொழிற்கல்லூரி ஊழியர் ஒருவர், இவ்வகைச் செயலியைக் கல்லூரிக் கணிப்பொறிகளில் கேளாமல் பதித்து விட்டார். அவர் மீது குற்ற வழக்கே தொடரப்பட்டு, 2002-ல் பணம் கட்டியும் சமூகப் பணி செய்தும் மீண்டார். நோக்கம் நல்லதாயினும் பிறருடைய பொருள் பிறருடையதே அல்லவா?

ஆகவே நாங்கள் தலைமைச் சகோதரியிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்தோம். ‘இதனால் எந்தப் பிள்ளையின் படிப்பாவது தடைபடுமா?’ என்று கேட்டார்கள். கணிப்பொறி அறையில் பாட வேளைகளில் எப்படியும் எரிந்து கொண்டிருக்கும் ஒரு கணிப்பொறியில் மட்டும், பள்ளி நேரத்தில் மட்டும், மின் அளவை நாள்தோறும் ஏட்டில் குறித்து வரும் நிபந்தனையோடு அனுமதி தந்தார்கள். அணிக்குப் பெயர் வைப்பதில் ஒரு வாரம் கழிந்தது. அதைப் பற்றி எழுதினால் இந்த மலரில் இடம் போதாது.

கணிப்பொறி பழையது. முதல் துண்டு சனி, ஞாயிறு விடுமுறையில் கெடு கடந்து வேறெங்கோ போய் விட்டது. அதன் பின்பு துண்டைத் திங்கட்கிழமை காலையிலேயே வாங்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். இரண்டாவதும் மூன்றாவதும் கெடுவுக்குள் திரும்பின. இதை எழுதும் வியாழன் மாலை நான்காவது துண்டு நூற்றுக்கு 81 பங்கில் நிற்கிறது. கெடு நாளை மாலை ஐந்து மணி.