மாசி வீதியில் சித்திரைத் தேர்

2019ஆம் ஆண்டுச் சித்திரைத் திருவிழாவில் தேரோட்டமும் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்தன. மதுரையில் வாக்குச்சாவடிகளை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க நேர்ந்தது. அன்று காலை மாசி வீதியில் தேர் பார்க்க அடியேனுடன் வந்திருந்த பேத்தி, பதில் சொல்ல எளிதல்லாத ஒரு வினாவை எழுப்பினாள். "சித்திரைத் தேர் ஓடுகிற வீதிக்கு மாசி வீதி என்று ஏன் தாத்தா பேர் வைத்தார்கள்?"

பிறந்தது முதல் அவ்வீதிகளில் நடந்து பழகியவர்க்கு இக்கேள்வி எழுவதில்லை. திருக்கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அதனைச் சூழ ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி என்று மதுரை மாதங்களாலேயே அமைந்த நகரம். மீனாட்சியம்மன் திருக்கல்யாணமும் தேரும் முற்காலத்தில் மாசித் திங்களில் நடைபெற்று வந்தன. தேர் ஓடிய வீதி மாசி வீதி ஆயிற்று. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில் அவ்விழா சித்திரைக்கு மாற்றப்பட்டு, அழகர் ஆற்றில் இறங்கும் திருவிழாவோடு இணைந்தது. அறுவடை முடிந்து குடியானவர் ஓய்ந்திருக்கும் மாதம் சித்திரை. பெருந்தேர்களை இழுக்க ஆயிரக்கணக்கான கைகள் அப்போதுதான் கிட்டும் என்று அதற்குக் காரணம் கூறுவர். சைவ, வைணவ விழாக்களை ஒன்றுசேர்க்கும் எண்ணமும் உடன் இருந்தது என்பர். எவ்வாறாயினும், விழா மாதம் மாறியது; வீதியின் பெயர் மாறவில்லை.

இந்நகரில் இவ்வாறு பொருள் மறைந்தும் பெயர் மறையாத இடங்கள் பல உள. கூடலழகர் சந்நிதியில் இருந்த, நின்ற, கிடந்த திருக்கோலங்கள் மூன்றையும் சேவிக்க வரும் வெளியூர் அன்பர்கள் பெரும்பாலும் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்குகின்றனர். அதன் அருகிலேயே நாயக்கர் காலக் கோட்டையின் எச்சமாகிய கற்கட்டடம் ஒன்று நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த மதில் முழுவதும் 1830களின் பிற்பகுதி தொடங்கி, ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டது. மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்க்கு அவ்விடத்திலேயே மனை தரப்பட்டதாம். கோட்டைக்கு வெளியே என்ற பொருளில் வெளி வீதி பிறந்தது. அப்பணியைக் கவனித்தவர்களின் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அமைந்தன. (பெருமாள் மேஸ்திரி வீதியைக் கூடலழகர் கோயிலோடு தொடர்புபடுத்திப் பெருமை பேசுவோரை அடியேன் கண்டதுண்டு.) கீழவாசலில் இன்று வாசல் இல்லை, தெற்குவாசலிலும் இல்லை. பேருந்து நடத்துநர் மட்டும் நாள்தோறும் அவ்வாசல்களைக் கூவி அழைக்கிறார். ஆட்சியருக்கு நன்றிக்கடனாக நகரத்தார் நாட்டிய விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது.

அத்தூணுக்குச் சற்றுத் தொலைவில், ஒரு குறுகிய சந்தில், ஜவுளிக் கடைகளுக்கிடையே பிரம்மாண்டமான கல் தூண்கள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. பத்துத்தூண் என்பது அவ்விடத்தின் பெயர். திருமலை நாயக்கர் அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதற்கு அத்தூண்களே சாட்சி. அவர் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது அரண்மனையின் பெரும்பகுதி பிரிக்கப்பட்டது. எஞ்சியதை, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு செப்பனிடச் செய்தார். மகாலைக் காண நுழைவுச்சீட்டு வாங்குவோரில் பத்துத்தூணுக்கு வருவோர் மிகச் சிலரே. மூட்டை சுமப்பவர் இளைப்பாறச் சாய்ந்து கொள்ளும் தூணாக அது ஊருக்கு உதவி வருகிறது.

ஆனால் எல்லாப் பெயர்களும் இவ்வளவு பத்திரமாக இருப்பதாகச் சொல்வதற்கில்லை. டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் தெப்பக்குளத்தின் கரைகளைக் கடைகள் சூழ்ந்து மறைத்த பிறகு, அங்கே துணி வாங்கியவர்க்குக் கூடத் தாம் நின்றது குளக்கரை என்பது தெரியாமற் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத குளத்தின் பெயரை அடுத்த தலைமுறை எதற்காகச் சொல்லும்? வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அக்கவலை இல்லை. அத்தனை பெரிய நீர்ப்பரப்பை எவராலும் மறைக்க இயலாது.

இனி, பேத்தியின் வினாவுக்கு மறு பாதி. அழகர் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்மலையிலிருந்து எழுந்தருளி, தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை ஏற்று, வைகையில் இறங்குகிறார். தங்கையின் திருமணத்துக்குப் புறப்பட்டு வந்தவர், திருமணம் முடிந்ததறிந்து ஊருக்குள் வராமலே திரும்புகிறார் என்று மக்கள் சொல்லும் கதை இனியது. இரண்டு விழாக்களும் இணைந்தபின் அவற்றைப் பிணைக்க எழுந்த கதை போலும். கோயில் மரபு கூறும் காரணம் வேறு. துர்வாசரின் சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு மோட்சம் அளிக்கவே எம்பெருமான் வருகிறார். அதனை அவர் முன்னர்ச் செய்தருளியது தேனூர் ஆற்றங்கரையில். பின்னர் அது வண்டியூருக்கு மாறியது. வண்டியூரில் அந்நிகழ்ச்சி நடைபெறும் மண்டபத்தின் பெயர் என்ன தெரியுமோ? தேனூர் மண்டபம்! மாசி வீதி பழைய மாதத்தைக் காத்தது போலவே, இம்மண்டபம் பழைய ஊரைக் காத்து நிற்கிறது.

இதனைப் பேத்திக்கு நேரில் காட்டுவதாக அன்று வாக்களித்தேன். 2020இலும் 2021இலும் கொரோனாத் தொற்றினால் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. விழா திருக்கோயிலுக்குள்ளேயே நிகழ்ந்தது. அவ்விரண்டு சித்திரையிலும் மண்டகப்படிகள் பந்தலின்றிக் கிடந்தன. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, அழகர் ஆற்றில் இறங்கும் வேளை என்று கணக்கிட்டு, விடியற்காலையில் வாசலில் சர்க்கரைச் சொம்பில் கற்பூரம் ஏற்றி, ஆறு இருக்கும் திசை நோக்கி நின்றார். அப்போது வீட்டார் எவரும் பேசவில்லை.

2022இல் அழகர் மீண்டும் வந்தார். கருட வாகனத்தில் எழுந்தருளிய எம்பெருமானைத் தேனூர் மண்டபத்தில் சேவித்தோம். கூட்டம் சற்றுக் கலைந்தபின் பேத்தி மண்டபத்தை நெடுநேரம் பார்த்திருந்து, "தேனூர் எந்தப் பக்கம் தாத்தா?" என்று கேட்டாள். மேற்கே, ஆறு வருகிற வழியைக் கை காட்டினேன்.