பச்சை விளக்கும் ஒரு துண்டு வயரும்

சென்ற மாதம் நம் சங்கத்தில் மூத்த உறுப்பினர்களுக்காக நடந்த கூட்டத்தில், வங்கிக் கணக்குப் பாதுகாப்பு பற்றி அரை மணி நேரம் பேசினேன். முடித்ததும் கட்கியிலிருந்து வரும் நண்பர் ஒருவர் எழுந்து, "கார்டு என் பர்ஸில் இருக்கிறது. ரகசிய நம்பரைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொன்னதில்லை. பின் எப்படி ஸார் பணம் போகும்?" என்று கேட்டார். சாப்பாட்டு நேரமாகிவிட்டபடியால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. அதை எழுத்தில் கொடுங்கள் என்று பத்திரிகைக் குழுவினர் கேட்டதால் இந்தக் கட்டுரை.

ஒன்றை முன்னரே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கம்ப்யூட்டர் பட்டம் ஏதும் கிடையாது. டிப்ளமோ முடித்து ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். ஆகவே சிக்னல்காரன் பாஷையில்தான் விளக்க வரும். ஆனால் விஷயத்தைப் படிக்கப் படிக்க, இந்தத் திருட்டு எங்கள் பிரிவுக்கு மிகவும் பழக்கமான ஒரு தவறின் மறுபிறவி என்று தோன்றிவிட்டது.

உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டாம். நம் பூனாவிலேயே (புணே என்று சொல்ல என் நாக்கு இன்னும் பழகவில்லை) நடந்தது. 2018 ஆகஸ்ட் 11, இரண்டாம் சனிக்கிழமை, வங்கிகளுக்கு விடுமுறை. அன்று பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இடையில், 1906-ல் தொடங்கப்பெற்ற காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் பணம் 28 நாடுகளின் ஏ.டி.எம்.களிலிருந்து எடுக்கப்பட்டது. சுமார் 450 போலி விசா கார்டுகள். ஏறத்தாழ 12,000 முறை. தொகை 78 கோடி ரூபாய். அதே வேளையில் இந்தியாவுக்குள் ரூபே கார்டுகளால் 2,849 முறை எடுத்தது இரண்டரைக் கோடி. நம் கோலாப்பூரில்கூட ஏ.டி.எம். வாசலில் ஆட்கள் நின்று எடுத்திருக்கிறார்கள். ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை, வங்கிகள் ஒன்றுக்கொன்று பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் முறை வழியாக ஹாங்காங்கிலுள்ள ஒரு கம்பெனிக் கணக்குக்கு இன்னும் 13 கோடியே 92 லட்சம் போயிற்று. ஆக மொத்தம் 94 கோடியே 42 லட்சம். வாடிக்கையாளர் கணக்குகளிலிருந்து ஒரு பைசாவும் குறையவில்லை, நஷ்டம் வங்கியுடையதே என்று வங்கி அறிவித்தது.

இத்தனைக்கும் கணேஷ்கிண்ட் சாலையிலுள்ள தலைமையகத்தில் யாரும் பூட்டை உடைக்கவில்லை.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். நீங்கள் ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகிப் பத்தாயிரம் கேட்கிறீர்கள். அந்த இயந்திரத்துக்கு உங்களிடம் பணம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அது கேள்வியை அனுப்புகிறது. கேள்வி பல கை மாறி உங்கள் வங்கியின் 'ஸ்விட்ச்' என்ற கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். ஸ்விட்ச், கணக்குகள் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரைக் கேட்கும். நம்பர் சரியா, இருப்பு உண்டா என்று அது பார்த்து 'கொடுக்கலாம்' அல்லது 'கூடாது' என்று பதில் தரும். பதில் வந்த வழியே திரும்பிப் போய், இயந்திரம் நோட்டை எண்ணும். எல்லாம் சில விநாடிகளில்.

ரயிலில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வண்டி விடுவதும் இதே கதைதான். இங்குள்ள ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனை 'லைன் கிளியர்' கேட்பார். அவர் தம் பக்கம் பாதை காலியா என்று பார்த்துவிட்டுச் சம்மதம் தருவார். வெறும் வாய்ச்சொல் போதாது என்ற இடங்களில் 'பிரைவேட் நம்பர்' என்று தம்மிடம் மட்டும் இருக்கும் தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வார். இப்போது ஓ.டி.பி. என்கிறார்களே, அதற்குப் பாட்டன் அது. இருவரும் அதைத் தத்தம் டிரெயின் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள்.

இப்போது யாரோ ஒருவன் நடுக்காட்டில் கம்பியை வெட்டி, இடையில் தானே ஒரு கருவியோடு உட்கார்ந்துகொண்டு, நம் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கும்போதெல்லாம் அடுத்த ஸ்டேஷன் போலவே 'லைன் கிளியர்' கொடுத்தால்? நம்மவர் கண்ணுக்கு எல்லாம் முறைப்படிதான் நடக்கும். அடுத்த ஸ்டேஷன்காரருக்கோ கேள்வியே போய்ச் சேராது. காஸ்மாஸ் வங்கி தந்த விளக்கமும் இதுதான். மால்வேர் மூலம் ஒரு போலி ஸ்விட்ச் உண்டாக்கப்பட்டது, கேள்விகளுக்கு 'கொடுக்கலாம்' என்ற பதில்களை அதுவே கொடுத்தது. (மால்வேர் என்பது தீங்கு செய்யவென்றே எழுதப்பட்ட புரோகிராம். நாம் பொதுவாக வைரஸ் என்று சொல்லிவிடுகிறோம்.) கணக்குகள் இருந்த கம்ப்யூட்டரை யாரும் கேட்கவேயில்லை. கட்கி நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. சோதிக்கிற இடத்துக்கே கேள்வி போகாதபோது, சரியான ரகசிய நம்பருக்கு என்ன வேலை?

2018 அக்டோபர் 2 அன்று அமெரிக்க அரசு இந்த வகைத் திருட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் உள்ள ஒரு விவரம் என்னைத் தூங்கவிடவில்லை. ஸ்விட்சில் புகுந்த புரோகிராம், வருகிற ஒவ்வொரு கார்டு எண்ணையும் தன் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இருந்தால் தானே பதில் தரும். இல்லாவிட்டால் தொடாமல் அப்படியே வங்கிக்கு அனுப்பிவிடும். ஆகவே உங்களுக்கும் எனக்கும் ஏ.டி.எம். எப்போதும்போல் வேலை செய்யும், யாரும் புகார் செய்யமாட்டார்கள். ஒளிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல இடம் ஏது?

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1980-களில், வேலைக்கு வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. மழைக்காலம். ஒரு சிறிய ஸ்டேஷனில் தண்டவாளத்தில் நீர் தேங்கி டிராக் சர்க்யூட் அடிக்கடி கெட்டுப்போயிற்று. தண்டவாளத்தில் வண்டி நிற்கிறதா என்று சொல்லும் சர்க்யூட் அது. காலியான பாதையையும் 'வண்டி நிற்கிறது' என்று காட்டிச் சிக்னலைச் சிவப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தது. கோளாறைத் தேடுவதற்காக ரிலே ரூமில் ஒரு துண்டு வயரை எடுத்து இரண்டு முனைகளைக் குறுக்காக இணைத்தேன். இதை ஜம்பர் என்போம். விளக்குச் சரியாயிற்று. வேறு அழைப்பு வந்தது, கிளம்பிவிட்டேன். வயரை எடுக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் பாதையில் ஒரு சரக்குப் பெட்டியை ஷண்டிங் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னல் வழியே பார்த்தால் பெட்டி நிற்கிறது; பேனலைப் பார்த்தால் பாதை காலி. அந்த மனிதர் இரண்டையும் ஒத்துப் பார்த்ததால் போன் செய்தார். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரிலே ரூமுக்கு ஏன் இரண்டு பூட்டு, ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடமும் மற்றது எங்களிடமும் ஏன் இருக்கிறது என்று அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்டதில்லை. ஜம்பரின் கொடுமை என்னவென்றால், அது எதையும் கெடுப்பதில்லை. விளக்கு எரியும், ரிலே 'டக்' என்று எழும், சோதனை நடப்பதுபோலவே எல்லாம் இருக்கும். சோதனைதான் இருக்காது.

2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்விஃப்ட் செய்திகளைக் கையாளும் புரோகிராமில், சோதனை தோற்றால் வேறு பக்கம் திரும்பு என்று ஒரு கட்டளை இருந்தது. திருடர்களின் மால்வேர் அந்த இடத்தில் இரண்டே பைட்டுகளை மாற்றி, 'ஒன்றும் செய்யாதே' என்று ஆக்கிவிட்டது. லட்சக்கணக்கான பைட்டுகளில் இரண்டு! என் துண்டு வயரேதான். நான் மறதியால் விட்டேன், அவர்கள் வேண்டுமென்றே வைத்தார்கள். 95 கோடி டாலருக்குக் கட்டளைகள் போயின. பிலிப்பைன்ஸ் வழியே 8 கோடியே 10 லட்சம் டாலர் மறைந்தது. இலங்கை அறக்கட்டளை ஒன்றின் பெயருக்குப் போன 2 கோடி டாலர் மட்டும் திரும்பியது. காரணம், 'ஃபவுண்டேஷன்' என்பதை எழுத்துப்பிழையோடு 'ஃபண்டேஷன்' என்று எழுதியிருந்ததைக் கண்டு நடுவிலிருந்த வங்கி சந்தேகப்பட்டது. ஸ்பெல்லிங் முக்கியம் என்று நம் வாத்தியார்கள் அடித்துச் சொன்னது வீண் போகவில்லை.

உள்ளே நுழைந்தது எப்படி என்றால், வேலைக்கு மனுப் போடுவது போன்ற மின்னஞ்சல் மூலம். 2015 ஜனவரியிலேயே வந்துவிட்டது. அதாவது ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளேயே இருந்திருக்கிறார்கள். எப்படித் தங்குகிறார்கள்? கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போது தாமே எழுந்துகொள்ளும் புரோகிராம்கள் எத்தனையோ உண்டு. அந்த வரிசையில், விண்டோஸின் சொந்தப் புரோகிராம் போல ஒலிக்கும் ஒரு பெயரோடு தங்களுடையதையும் சேர்த்துவிடுவார்கள். ஸ்டேஷனில் நீலச்சட்டை போட்டவனை யாரும் டிக்கெட் கேட்பதில்லை அல்லவா? பிறகு நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொண்டு, அவர் பெயரிலேயே அடுத்தடுத்த இயந்திரங்களுக்குப் போவார்கள். சேகரித்ததை மொத்தமாக வெளியே அனுப்பமாட்டார்கள். சிறு சிறு துண்டுகளாக்கி, மூடிய கடிதம்போலச் சங்கேதமாக்கி, அலுவலகத்தில் எல்லோரும் இணையம் பார்க்கும் அதே வாசல் வழியே அனுப்புவார்கள். அவசரமே கிடையாது. முதலில் வங்கியின் வழக்கங்களைப் படிக்கிறார்கள்; யார் எப்போது வருகிறார், எந்த நாள் விடுமுறை, எந்தத் தாளில் என்ன அச்சாகிறது என்று.

தாள் என்றதும் கும்பகோணம் ஞாபகம் வருகிறது. 1904-ல் அங்கே தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியிலும் 2018 பிப்ரவரியில், காஸ்மாஸுக்கு ஆறு மாதம் முன்பு, ஸ்விஃப்ட் வழியே மூன்று போலிக் கட்டளைகள் போயின. துபாய், துருக்கி, சீனா. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். 6-ம் தேதி மாலை, ஸ்விஃப்டோடு இணைந்த பிரிண்டரை முதலில் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். அனுப்பிய செய்திகளுக்கு வரும் ஒப்புதல் தாளில் விழாமல் இருக்கத்தான். பங்களாதேஷிலும் பிரிண்டரைத்தான் முதலில் ஊமையாக்கினார்கள். நம்மில் யார்தான் பிரிண்டர் மக்கர் செய்தால் திருடன் வந்துவிட்டான் என்று நினைப்போம்? ஆனால் மறுநாள் காலை, 7-ம் தேதி, கும்பகோணத்தில் கணக்கை ஒத்துப் பார்க்கும் வழக்கமான வேலையில் குட்டு வெளிப்பட்டது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் நடுவிலேயே தடுக்கப்பட்டது. அந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னலையும் பேனலையும் பார்த்தாரே, அதேதான்.

காஸ்மாஸ் விஷயத்தில் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. அதற்கு முதல் நாள்தான் அமெரிக்க எஃப்.பி.ஐ., உலக அளவில் ஏ.டி.எம். கொள்ளை நடக்கக்கூடும் என்று வங்கிகளுக்கு ரகசிய எச்சரிக்கை அனுப்பியிருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 2019 மார்ச் அறிக்கையில் இந்தத் திருட்டை வடகொரியாவின் கணக்கில் எழுதிற்று. நம் ஊர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் 11 பேரைத் தண்டித்தது. அவர்கள் கார்டைப் பிடித்துக்கொண்டு ஏ.டி.எம். வாசலில் நின்ற கூலிக்கை போன்றவர்கள். வயரை வைத்தவன் கை இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. கூட்டுறவு வங்கிகளுக்கான அடிப்படைப் பாதுகாப்பு விதிகளை ரிசர்வ் வங்கி 2018 அக்டோபரில் வெளியிட்டது.

நண்பரின் கேள்விக்கு மீதிப் பதில் நம் சட்டைப் பையில் இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் ஒருவருக்குச் சென்ற வருஷம் வாட்ஸ்அப்பில் 'ஆர்.டி.ஓ. சலான்' என்று ஒரு செய்தி வந்தது. ஸ்கூட்டருக்கு அபராதம் போலும் என்று நினைத்துத் தொட்டார். அது சலான் அல்ல, ஒரு புரோகிராம். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார். அடுத்த கணம் திரையில் அதன் படம் மறைந்துவிட்டது. சரிதான், தானே போய்விட்டது என்று விட்டுவிட்டார். இரவு ஓ.டி.பி.க்கள் வந்தன, அவர் பார்ப்பதற்கு முன் வேறு யாரோ பார்த்தார்கள். நாற்பதாயிரம் ரூபாய். பெரிய வங்கியில் செய்ததையே சின்ன அளவில் செய்திருக்கிறான். உங்களுக்கும் வங்கிக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, உங்களுக்காக அவனே பதில் சொல்லிவிட்டான்.

ஆகவே வாட்ஸ்அப்பில் வருகிற எந்தப் புரோகிராமையும் நிறுவாதீர்கள். பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது படமும் அல்ல, கடிதமும் அல்ல. ஏற்கெனவே தொட்டுவிட்டீர்களா? உடனே நெட்டை அணையுங்கள், வேறு போனிலிருந்து வங்கியையும் 1930 என்ற எண்ணையும் அழையுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மகன் வரட்டும் என்று காத்திருப்பதில்தான் பலர் பணம் போகிறது. போனின் செட்டிங்கில் ஆப்களின் முழுப் பட்டியலைத் திறந்து, எவற்றுக்கெல்லாம் எஸ்.எம்.எஸ். அனுமதி இருக்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். திரையில் படம் இல்லாததும் அங்கே அகப்படும்.

நான் வேறொன்றும் செய்கிறேன். என் மகள் கேலி செய்வாள். எடுத்த பணம், கொடுத்த செக், போனில் அனுப்பிய தொகை எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றன்றே எழுதிவிடுவேன். ஞாயிறு காலை காபிக்குப் பிறகு வங்கி தரும் பட்டியலோடு வரிக்கு வரி டிக் அடிப்பேன். போன தீபாவளி சமயம் 236 ரூபாய் உதைத்தது. மூன்று நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் வங்கி பிடித்த ஏதோ கட்டணம், நான்தான் எழுதவில்லை.

கட்கி நண்பர் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கையும் மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் கொண்டு வரவும். உட்கார்ந்து ஒத்துப் பார்த்துவிடுவோம்.