காண்டனீயத்தில் போட்டியும் பகையும்

தென்சீனத்துக் குவாங்சௌ, ஹாங்காங், மக்காவ் ஆகிய நகரங்களில் வழங்கும் காண்டனீய மொழியைப் பயிலப் புகுவோர், அதன் ஆறு தொனிகளைக் கண்டே முதலில் மலைப்பர். அதனினும் நுட்பமானது, போட்டியினின்று பகையைப் பிரித்துக் காட்டும் அதன் சொல்வளம். இவ்வேறுபாட்டை உணராத மொழிபெயர்ப்பாளன் விளையாட்டைப் போராகவும் போரை விளையாட்டாகவும் எழுதிவிடுவான்.

'டௌ' என்னும் வினையை முதற்கண் நோக்குவாம். பொருதல் என்பது இதன் பொருள். இதனைக் குறிக்கும் சீன எழுத்தின் மிகப் பழைய வடிவம், இருவர் எதிர்நின்று கைகலக்கும் தோற்றமுடையது. ஆயினும் பின்னே ஒரு பண்புச்சொல் சேர்ந்தவுடன் இதன் வன்மை தணிகின்றது. 'ஃபாய்' என்பது விரைவு. 'டௌ ஃபாய்' எனின், யார் விரைவுடையார் எனப் போட்டியிடுதல். 'பெங்' என்பது மலிவு. 'டௌ பெங்' எனின், வணிகர் ஒருவரினும் ஒருவர் விலை குறைத்து விற்றல். ஆனால் மூச்சையும் சினத்தையும் குறிக்கும் 'ஹெய்' சேர்ந்து 'டௌ ஹெய்' ஆயின் நிலை மாறுகின்றது. அது நம்மவர் வீம்பு என்பதே. வெற்றியினும் எதிரியின் மனவெரிச்சலே அங்கு வேண்டப்படுவது.

'சாங்' என்னும் சொல் இன்னும் சுவையுடைத்து. ஒரு பொருளுக்காகப் பலர் முந்துதலையும் குறிக்கும். பேச்சுவழக்கில் குறைபடுதலையும் கடன்படுதலையும் குறிக்கும். 'சாங் பங் தௌ' என்பதன் நேர்ப்பொருள் தலையுடையப் போட்டியிடுதல். நல்ல பள்ளியில் ஓரிடத்திற்குப் பலர் நெருக்கியடித்தலை இவ்வாறு கூறுவர். எவர் தலையும் உடைவதில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலோ கலகச் செய்தியாகிவிடும்! அதே எழுத்து நூல்வழக்கில் 'சங்' என ஒலிக்கும். 'லுங் சங் ஃபூ டௌ', அஃதாவது வலுசர்ப்பமும் புலியும் பொருதல், ஒத்த வலியுடையார் மோதலைச் சிறப்பிக்கும் தொடர். 1973-இல் வெளிவந்த புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' திரைப்படத்திற்குச் சீனப் பெயர் இதுவே.

கடும்பகைக்குரியது 'நெய் செய் ஙோ வுட்': நீ சாவாய், நான் வாழ்வேன். நம் மொழியில் தனித்துச் சொல்லுக்கு முதலாகாத ஙகரம் அங்கே 'நான்' என்னும் சொல்லையே தொடங்குகின்றது. வணிகப் போட்டிக்கும் இத்தொடரை உருவகமாக வழங்குவர். ஆயினும் இருவர்க்கும் இடமில்லை என்னும் குறிப்பு அதினின்று நீங்குவதில்லை.

நகைச்சுவை கலந்த தொடரும் ஒன்றுண்டு. விட்டுக்கொடாத இருவர் எதிர்ப்பட்டால் 'ஃபோ சிங் சோங் டெய் கௌ' என்பர்; செவ்வாய் பூமிமேல் மோதிற்று என்பது பொருள். நாம் நிறங்கண்டு செவ்வாய் என்ற அக்கோளை அவர்கள் நெருப்பு மீன் என்றனர்.