கடைசி ஓவருக்கு முன்பே எழுதப்பட்ட கணக்கு



நம்முடைய நீலகிரியில் 'சீசன்' என்றால் ஏப்ரல், மே மாதம். மலர்க் கண்காட்சி, கீழ்நாட்டிலிருந்து ஏறிவரும் வண்டிகள், ஊட்டி முழுக்க கூட்டம். அதே நாட்களில்தான் ஐ.பி.எல். கிரிக்கெட்டின் சீசனும் கடைசிக் கட்டத்துக்கு வருகிறது. டீக்கடையிலும், பஸ் ஸ்டாண்டிலும், எஸ்டேட் லைன் வீட்டு வாசலிலும் ஒரே பேச்சு: "அண்ணே, இன்னும் சான்ஸ் இருக்கு. அவன் தோத்து, நாம ஜெயிச்சு, ரன் ரேட்டும் ஏறிட்டா உள்ள போயிடலாம்!"

இந்தப் பேச்சில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கடைசி வாரம் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. முன்னமே செய்து வைத்ததை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். இதை நான்கு காரியங்களாகத் தியானிப்போம்.

1. கணக்கு எப்போது எழுதப்பட்டது?

2024 மே 18. பெங்களூரில் சென்னை அணியும் பெங்களூர் அணியும் மோதின. பெங்களூர் 218 ரன். சென்னை ஜெயிக்காவிட்டாலும் 201 ரன் எடுத்தால் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். கடைசி ஓவரில் வேண்டியது 17 ரன். முதல் பந்திலேயே தோனி 110 மீட்டர் தூரத்துக்கு சிக்ஸர் அடித்தார். அடுத்த பந்தில் அவுட்! சென்னை 191-ல் நின்றுவிட்டது. இரண்டு அணிக்கும் 14 புள்ளிகள். நிகர ரன் விகிதத்தில் பெங்களூர் 0.459, சென்னை 0.392.

"அந்த ஒரு பந்துதான் கெடுத்துச்சு" என்று நம்மூரில் அநேகர் சொன்னார்கள். அப்படியா? நிகர ரன் விகிதம் என்பது என்ன? லீக் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் ஓவருக்கு எத்தனை ரன் எடுத்தோம், ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தோம், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மார்ச் மாதம் அலட்சியமாய் விட்ட ஒரு பவுண்டரியும் அதிலே இருக்கிறது. அது மட்டுமல்ல, ஏப்ரல் 23-ந் தேதி சேப்பாக்கத்தில் 210 ரன் எடுத்தும், மூன்று பந்து மீதி இருக்க லக்னோவிடம் சென்னை தோற்றது. அதை ஜெயித்திருந்தால் 16 புள்ளிகள். கடைசி ஓவரில் கால்குலேட்டரே தேவைப்பட்டிருக்காது.

கொழுந்து பறிக்கிற சகோதரிகளுக்கு இது நன்றாய்ப் புரியும். காலை எடையில் குறைந்ததைச் சாயங்காலம் அவசரமாய்ப் பறித்து ஈடுகட்டப் பார்த்தால், முற்றிய இலையும் கூடையில் விழும். பிள்ளைகளின் படிப்பும் அப்படியே, வீட்டுச் செலவும் அப்படியே. கடைசி நாளில் வருகிற பதற்றம் முதல் நாளின் அசட்டையிலிருந்து பிறக்கிறது.

2. பின்தங்கினவனை முடிந்துபோனவன் என்று சொல்லாதிருங்கள்

அதே பெங்களூர் அணியைக் கவனியுங்கள். அந்த வருஷம் முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி! "போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்று அவர்களுடைய ரசிகர்களே சொன்னார்கள். ஆனால் ஏப்ரல் 25-ந் தேதி ஐதராபாத்தில் ஜெயித்தார்கள். அங்கிருந்து தொடர்ந்து ஆறு வெற்றி. மே 18-ல் எல்லாரும் கைதட்டினார்கள். திரும்புதல் தொடங்கினதோ, யாரும் கைதட்டாத ஏப்ரல் மாதத்தில்.

நம் வீட்டிலும் சபையிலும் பின்தங்கின வாலிபன் ஒருவன் இருப்பான். எட்டில் ஏழு தோற்றவன். அவன் எழும்புகிற முதல் நாளில் அவனோடு நிற்கிறவர் யார்?

3. பிறருடைய தோல்வியில் ஜீவிக்காதிருங்கள்

2012-ல் சென்னை தன் கடைசி லீக் ஆட்டத்தில் தோற்றுப்போனது. பிறகு ரசிகர்கள் என்ன செய்தார்கள்? பெங்களூர் தோற்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். மே 20-ல் டெக்கான் அணியிடம் பெங்களூர் ஒன்பது ரன்னில் தோற்றது. இரண்டுக்கும் 17 புள்ளிகள். ரன் விகிதத்தில் சென்னை உள்ளே போனது. இறுதி ஆட்டம் வரை போய், சொந்த மைதானத்தில் கொல்கத்தாவிடம் தோற்றது.

விளையாட்டில் இது விதிப்படி சரி. ஆனால் மனுஷனுக்கு இது பழக்கமாகிவிட்டால் ஆபத்து. 'அவன் கடை படுத்தால் என் கடை ஓடும், அவன் பிள்ளை ஃபெயிலானால் என் பிள்ளை பெரியவன்' என்று எண்ணுகிற இருதயம் ஒருநாளும் இளைப்பாறாது.

4. வாய்ப்பு போன பின்பும் உண்மையாயிருங்கள்

2025-ல் சென்னைக்கு 14 ஆட்டத்தில் நான்கே வெற்றி. முதன்முறையாகப் பட்டியலில் கடைசி இடம். வாய்ப்பு ஏப்ரல் மாதத்திலேயே போய்விட்டது. "இனி எதுக்கு பாக்கணும்?" என்று பலர் டிவியை அணைத்துவிட்டார்கள். ஆனால் மே 25-ந் தேதி அகமதாபாத்தில், அன்று முதலிடத்தில் இருந்த குஜராத்தை அதே சென்னை 83 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. குஜராத் மூன்றாம் இடத்துக்கு இறங்கி, அடுத்த ஆட்டத்தில் மும்பையிடம் தோற்று வெளியேறியது. தனக்கு ஒன்றும் கிடைக்காத ஆட்டத்தையும் சென்னை முழு பலத்தோடு ஆடியது. பார்க்கிறவர் இல்லாத இடத்திலும், பலன் இல்லாத நாளிலும் செய்கிற வேலையே நம்மை இன்னார் என்று காட்டும்.

ஒரு எச்சரிப்பு

கடைசி வாரங்களில் பேச்சு எளிதாய்ப் பந்தயமாக மாறுகிறது. "சும்மா நூறு ரூபாய்தான்" என்று ஆரம்பிக்கும். வாரச் சம்பளமும், வீட்டுக்காரியின் மோதிரமும் பின்னாலே போகும். தமிழ்நாட்டில் 2023 முதல் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை உண்டு. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் பாராளுமன்றமே சட்டம் இயற்றித் தடைசெய்தது. நாம் கொண்டாடுகிற சென்னை அணியும் தப்பவில்லை. நிர்வாகத்தோடு சம்பந்தப்பட்ட ஒருவர் பந்தயம் கட்டிய விவகாரத்தில், 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு அந்த அணியை இரண்டு வருஷம் விலக்கி வைத்தது. 2016, 2017 ஆகிய இரண்டு சீசனிலும் மஞ்சள் சட்டை மைதானத்தில் இல்லை. ஒருவன் வைத்த பந்தயத்துக்கு எத்தனை பேர் தலைகுனிந்தார்கள்!

வாலிபத் தம்பிமாரே, ஆட்டத்தைப் பாருங்கள், சந்தோஷமாய்ப் பேசுங்கள். பேச்சினால் சிநேகிதம் உடையவும், பந்தயத்தினால் வீடு உடையவும் இடம் கொடாதிருங்கள்.

குடும்பமாய்ச் சிந்திக்க:

1. வருஷக் கடைசியில் நாம் பயப்படப்போகிற எந்தக் காரியத்தை இந்த வாரமே சரிசெய்யலாம்?

2. 'முடிந்துபோனவன்' என்று நாம் ஒதுக்கிவைத்தது யாரை?

3. யாருடைய தோல்விக்காக உள்ளத்தில் காத்திருக்கிறோம்?

4. வீட்டில் யாராவது பந்தயக் கடனை மறைத்து வைத்திருந்தால், கோபப்படாமல் கேட்டு, சேர்ந்து அடைக்க நாம் ஆயத்தமா?