டிரையத்லானுக்கு முந்தைய மூன்று வாரங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நெடுந்தூர டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் தொடர்ந்து முடிக்க வேண்டிய போட்டி. அதன் முழுத் தூர வடிவமான அயர்ன்மேனில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அதில் பாதி தூரம் கொண்ட, ‘அயர்ன்மேன் 70.3’ எனப்படும் போட்டி கோவாவின் மிராமர் கடற்கரையில் 2019 அக்டோபரில் முதன்முறையாக நடந்தது. பின்னரும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே நடந்துள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து அதற்குத் தயாராகிறவருக்குக் கடைசி வாரங்கள் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருகின்றன. மழையால் விட்டுப்போன பயிற்சியை ஈடுகட்டும் அவசரத்தில் சில தவறான நம்பிக்கைகள் எளிதில் பிடித்துக்கொள்கின்றன.

நம்பிக்கை: கடைசி வாரம்வரை கடுமையாக உழைத்தால்தான் பலம் கூடும்.

உண்மை: ஒரு கடும் பயிற்சியின் பலன் உடலில் சேர ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும், அதன் களைப்போ மறுநாளே வந்துவிடும். கதிர் முற்றிய பின் வயலில் போடும் உரம் நெல்மணியைப் பெருக்காது. கடைசி வாரத்து உழைப்பும் அப்படித்தான். பயிற்சிக் குறைப்பைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான பகுப்பாய்வு, இரண்டு வாரங்களில் பயிற்சியின் அளவை 41 முதல் 60 சதவீதம்வரை குறைப்பதே அதிகப் பலன் தருவதாகக் கண்டது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நீச்சல் வீரர்களை ஆராய்ந்தபோது, கடைசி மூன்று வாரங்களில் அவர்களின் வேகம் சராசரியாக 2.2 சதவீதம் கூடியிருந்தது.

நம்பிக்கை: குறைப்பது என்றால் முழு ஓய்வு.

உண்மை: குறைய வேண்டியது நேரமும் தூரமும் மட்டுமே. வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி, எவ்வளவு வேகம் என்ற இரண்டும் ஏறத்தாழ அப்படியே இருக்க வேண்டும். வாரம் பத்து மணி நேரம் பயிற்சி செய்தவர் ஏழாகவும், பிறகு நான்கைந்தாகவும் குறைத்து, அதற்குள் போட்டி வேகத்தில் சில குறுகிய சுற்றுகளை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்று பலமாக வீசும் நாளில் சைக்கிளில் வழக்கமான வேகத்தை எட்ட முயல்வது வீண் களைப்பு. அங்கே உழைப்பின் அளவையும் நேரத்தையும் பார்த்து ஓட்டுவதே சரி.

நம்பிக்கை: கால் கனத்து, எடை கூடினால் உடற்திறன் போய்விட்டது.

உண்மை: பயிற்சி குறையும்போது தசைகளில் கிளைகோஜன், அதாவது சேமித்துவைக்கப்படும் மாவுச்சத்து, நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைகோஜனுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்வதால் ஒன்றிரண்டு கிலோ எடை கூடலாம். அது போட்டிக்கான இருப்பு. இரண்டு வாரம் பயிற்சியைக் குறைப்பதால் மட்டும் தாங்குதிறன் சரியாது.

நம்பிக்கை: முந்தைய இரவு வயிறு நிறையச் சாப்பிட்டால் போதும்.

உண்மை: இருப்பு நிரம்ப ஒரு வேளைச் சாப்பாடு போதாது. போட்டிக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேரத்தில், நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து தேவை; 60 கிலோ எடையுள்ளவருக்கு இது குறைந்தது 600 கிராம். வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், மட்டிப்பழம் எனப் பழகிய உணவையே பல வேளைகளாகப் பிரித்து உண்ணலாம். நார்ச்சத்து மிகுந்தவையும் காரமான மீன்குழம்பும் அந்த இரு நாட்களுக்கு வேண்டாம்.

நம்பிக்கை: தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் நல்லது.

உண்மை: அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினரிடம் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே பாதுகாப்பு. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போகும் உப்பை அது மட்டும் ஈடுகட்டாது. உப்பிட்ட கஞ்சித்தண்ணீரோ உப்பு சேர்ந்த பானமோ தேவை. எதையும் முன்பே பயிற்சியில் குடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: நீச்சல்குளத்தில் இரண்டு கிலோமீட்டர் நீந்துகிறவருக்குக் கடல் பயிற்சி தேவையில்லை.

உண்மை: கடலில் பிடித்துத் திரும்பச் சுவரும் இல்லை, திசை காட்டத் தரையில் கோடும் இல்லை. சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையை உயர்த்தி மிதவையைப் பார்க்கவும், கூட்டத்தின் நடுவே மூச்சு சீராக நீந்தவும் தனியே பழக வேண்டும். ஆனால் பாறைகளும் நீரோட்டங்களும் உள்ள குமரிக் கடலில் தனியாக இறங்குவது உயிரோடு விளையாடுவது. தொலைதூரப் புயல்களால் எழும் கள்ளக்கடல் அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கரையை அறையும். இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கையைப் பார்த்து, உள்ளூர் மீனவர்களிடம் கேட்டு, துணைப் படகுடன் நீந்த வேண்டும். எச்சரிக்கை இருந்தால் அன்றைய பயிற்சி குளத்தில்தான்.

நம்பிக்கை: பதற்றம் வந்தால் மனம் தயாராகவில்லை.

உண்மை: படபடக்கும் நெஞ்சும் வறளும் நாவும் உடல் பெரிய உழைப்புக்கு ஆயத்தமாவதன் அறிகுறிகள். அவற்றை அடக்க முயல்வதைவிட ‘உடல் தயார்’ என்று எடுத்துக்கொள்வது உதவும். வெற்றியை மட்டும் கற்பனை செய்தால் போதாது. நீச்சல் கண்ணாடிக்குள் நீர் புகுந்தால், டயர் பஞ்சரானால், ஓட்டத்தில் வயிறு பிசைந்தால் என்ன செய்வது என்பதையும் ஒவ்வொன்றாக மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மனக்களைப்பும் உடலைப் பாதிக்கும்: 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 90 நிமிடம் மூளைக்கு வேலை கொடுத்தபின் சைக்கிள் மிதித்தவர்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே ஓய்ந்துபோனார்கள். அதனால் பயணம், தங்குமிடம், சைக்கிளைப் பிரித்துப் பொதிவது போன்ற வேலைகளை முன்கூட்டியே முடிப்பதும் பயிற்சியில் சேர்ந்தது. முந்தைய இரவு தூக்கம் வராவிட்டாலும் அஞ்ச வேண்டாம். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் நன்றாகத் தூங்கியிருப்பதே முக்கியம்.