மலைப்பாதை வண்டியும் யந்திரத்தின் உஷ்ணமும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கோமுகி அணையைத் தாண்டியதும் கல்வராயன் மலைகள் எழுகின்றன. அவற்றின் உயரம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி வரையாகும். மலைமேலுள்ள சிற்றூர்களுக்கு உரமும் சிமெண்டும் ஏறுவதும், அங்கு விளைந்த மரவள்ளிக் கிழங்கும் சாமையும் இறங்குவதும் பழைய பிக்கப் வண்டிகளை நம்பியே பெரிதும் நடைபெறுகின்றன. பறித்த மரவள்ளி இரண்டு மூன்று நாட்களிலேயே கெடத் தொடங்கும் இயல்புடையது. கிழங்கை ஏற்றச் செல்லும் வண்டி மலையேற்றத்தில் கொதித்து நின்றுவிடின், நஷ்டம் வண்டிக்காரருக்கு மட்டுமன்று. பறித்து வைத்துக் காத்திருக்கும் குடியானவருக்குமாம். ஆகவே, யந்திரத்தின் உஷ்ணத்தைப் பற்றி இருவருமே அறிந்திருத்தல் நலம்.

எவ்வளவு உஷ்ணம் தேவை?

எரிபொருள் தரும் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை இழுக்கப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை, யந்திரத்தைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஏற்று, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. யந்திரம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. தண்ணீரின் உஷ்ணம் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் யந்திரம் செம்மையாக உழைக்கிறது. அதற்குக் குறைந்தால் டீசல் முழுவதும் எரிவதில்லை, புகை மிகும், எண்ணெயில் நீரும் கசடும் சேரும், சிலிண்டர் விரைவில் தேயும். அளவுக்கு மிஞ்சினாலோ ஹெட் கேஸ்கட் எரிந்து, ஒரு பருவத்தின் வருமானமே பழுதுபார்க்கும் செலவில் கரைந்துபோகும்.

தெர்மாஸ்டாட் என்னும் காவலன்

இவ்வளவை நிலைநிறுத்துவதே தெர்மாஸ்டாட் வால்வின் பணி. அதனுள் ஒரு சிறு உலோகக் குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். இம்முறையை 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் உருவாக்கினார். குறித்த உஷ்ணத்தில் மெழுகு உருகிப் பருத்து, ஒரு முளையைத் தள்ளி வால்வைத் திறக்கிறது. குளிர்ந்தால் வில் அதை மூடிவிடுகிறது. மூடியுள்ள வேளையில் தண்ணீர் யந்திரத்திற்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். திறந்தபின் ரேடியேட்டருக்குச் செல்லும்.

வண்டி ஒருமுறை கொதித்தால், “நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?” என்று தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் யந்திரம் கொதிக்கும் என்பது மெய்தான். ஆனால் அதற்குப் பரிகாரம் புதியது மாட்டுவதே. வால்வு இல்லாத வண்டி, மலையிறக்கத்திலும் மார்கழிக் குளிரிலும் தேவையான சூட்டையே அடைவதில்லை. மேலும் சில யந்திரங்களில், தெர்மாஸ்டாட் திறக்கும்போதே உட்சுற்று வழியை அடைத்துவிடும் அமைப்பு இருக்கிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். கொதிப்பைத் தடுக்கச் செய்த காரியமே கொதிப்பை வளர்க்கும்!

வீட்டிலேயே சோதிக்கலாம்

தெர்மாஸ்டாட்டின் மேல் 82 என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல், ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குக. அருகே ஓர் உஷ்ணமானியை வைக்க. குறித்த எண்ணை ஒட்டி வால்வு திறக்கத் தொடங்கி, மேலும் 10 முதல் 15 டிகிரிக்குள் நன்றாகத் திறந்துகொள்ள வேண்டும். ஆறியபின் மூடவும் வேண்டும். அவ்வாறு செய்யாதது பயனற்றது. மாட்டும்போது மெழுகுக் குப்பி யந்திரத்தின் பக்கம் இருத்தல் அவசியம்.

மூடியும் மலையும்

உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்கும். 3,000 அடியில் ஏறத்தாழ 97 டிகிரியே போதும். இக்குறையை ஈடுசெய்வது ரேடியேட்டர் மூடி. சதுர அங்குலத்திற்கு 13 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, கொதிநிலையை ஏறத்தாழ 20 டிகிரி உயர்த்தும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இப்பயன் இல்லை. கிணற்று நீரின் உப்பு உள்ளே படியும். எனவே வடிநீரும் கூலண்டும் கலந்து ஊற்றுவது உத்தமம். பனி உறையாத நம் பகுதியிலும் கூலண்ட் துருவைத் தடுத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது.

ஏற்றத்தில் கொதித்தால்

பாரத்தோடு தாழ்ந்த கியரில் ஏறும்போது முள் நடுவைத் தாண்டி உயர்ந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். ஆவி பீறிட்டால் உடனே யந்திரத்தை அணைத்துவிடுக. அரைமணி நேரமேனும் ஆறுமுன் மூடியைத் திறப்பது முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். கொதிக்கும் யந்திரத்தில் குளிர்நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும். மற்றொன்றும் நினைவிற்கொள்க: தண்ணீர் முற்றும் வற்றிவிட்டால் உஷ்ணமுள் கீழே இறங்கியும் காட்டலாம். முள்ளை மட்டும் நம்பாமல், நாள்தோறும் காலையில், யந்திரம் குளிர்ந்திருக்கும்போதே, தண்ணீரின் அளவையும் ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தையும் பார்த்தல் வேண்டும்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு வால்வின் விலை, ஒரு முறை டீசல் நிரப்பும் செலவை நோக்க அற்பமே. அதைக் கழற்றி எறியாமல் காத்துவந்தால், மலைமேல் விளைந்த கிழங்கு கெடுமுன் சந்தை சேரும். நள்ளிரவில் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு இறங்க வேண்டிய அவசரத்திலும் வண்டி நம்மைக் கைவிடாது.